பிஃபோர் போட்டோ

சஸ்டெயினபிலிட்டி என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எதிரில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்த நிமிடமே அவரைச் சந்தேகப்படத் தொடங்கிவிடுவேன். இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் நாங்கள் அதை மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னோம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியது எங்கள் கல்லூரி. அங்கே துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு ஏசி போட்ட செமினார் ஹாலில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டே பூமியைக் காப்பாற்றினோம்.

எங்களுடையது மெக்கானிக்கல் துறை. கடைசி வருடத்தில் ஒவ்வொரு குழுவும் சுற்றுச்சூழலுக்கு உதவும்படி ஒரு ப்ராஜெக்ட்டைத் திட்டமிட்டு ப்ரொபோசல் எழுத வேண்டும். தேர்வானால் வெளியிலிருந்து நிதி வரும், துறைக்குப் பெயர் வரும், கைடாக இருக்கும் பேராசிரியருக்கு மேடையில் சால்வை வரும். எங்கள் கைடுக்குச் சால்வை மேல் தீராத ஆசை. அவர் அறையில் கண்ணாடி பீரோவுக்குள் மடித்து வைத்த சால்வைகள், துணிக்கடையில் அடுக்கியது போல இருக்கும்.

திட்டமிடல் என்றால் எங்கள் துறையில் என்ன அர்த்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சீனியர்கள் கொடுத்த ஃபைலைத் திறக்க வேண்டும், தலைப்பை மாற்ற வேண்டும், பெயர்களை மாற்ற வேண்டும். முதல் நாள் கைடு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முதல்ல டைட்டில் சொல்லுங்க. அப்புறம் ஐ.நா. சபையோட வளர்ச்சி இலக்குன்னு அந்தக் கலர் கட்டம் இருக்குல்ல, அதுல நாலஞ்சு ஒட்டுங்க. அப்புறம் போட்டோ. ப்ராப்ளம் என்னன்னு கடைசில பாத்துக்கலாம்." யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

என் குழுவில் மூன்று பேர். ஒருவன் கூடுவாஞ்சேரிக்காரன். அப்பா ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, இவனிடம் பைக்கும் விலை உயர்ந்த போனும். இன்னொருத்தி கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வருகிறவள், அப்பா விஞ்ஞானி. மூன்றாவது நான். எனக்கு எழுத வரும் என்று எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஃபீல்டு வேலை தங்களுடையது என்றார்கள். பைக்கில் சுற்றுவதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃபீல்டு வேலை.

தலைப்பைக் கொடுத்ததும் நான்தான். கடற்கரைக் குப்பையை வாரும் தள்ளுவண்டி. மணலில் புதையாத அகலச் சக்கரம், முன்னால் வாரும் பற்கள், நடுவில் சல்லடை. தள்ளிக்கொண்டே போனால் மணல் கீழே உதிர்ந்து குப்பை மட்டும் தொட்டியில் தங்க வேண்டும். மோட்டார் கிடையாது, ஆள் தள்ளுவதுதான்.

இந்த யோசனை எனக்கு எந்தக் கட்டுரையிலிருந்தும் வரவில்லை. என் அம்மா மாமல்லபுரம் கடற்கரையில் துப்புரவு வேலை பார்க்கிறாள். காண்ட்ராக்ட் வேலை. விடிவதற்குள் போய், சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன கப்புகள், தின்று போட்ட சோளக் கட்டைகள், மீன் வறுவல் காகிதங்கள் எல்லாவற்றையும் இரும்புப் பல் வைத்த வாரியால் இழுத்துக் கூடையில் அள்ளுவாள். ஈர மணலும் சேர்ந்து வந்துவிடும். சலித்து அள்ளினால் நேரம் போதாது, சலிக்காமல் அள்ளினால் கூடையைத் தூக்க முடியாது. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, "இடுப்புல ஏறி நில்லுடி" என்பாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து அவள் இடுப்பில் ஏறி நின்றிருக்கிறேன். மெக்கானிக்கல் சேர்ந்ததே ஒரு வகையில் அந்த இடுப்பினால்தான்.

அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வெட்கம் இல்லை. சொன்னால் அவர்கள் முகம் எப்படி இளகும் என்று எனக்குத் தெரியும், அந்த இளக்கத்தைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

ப்ரொபோசலில் பிரச்சனை என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியது இதுதான்: மணலோடு சேர்த்து வாருவதால் கூடை கனக்கிறது, கூடை கனப்பதால் தொழிலாளர் உடம்பு கெடுகிறது. கைடு படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, யூனியன் நோட்டீஸ் மாதிரி இருக்கு?"

"சார், அதுதான் சார் பிரச்சனை."

"ரிசர்ச் கேப் எங்க? இப்ப இருக்கிற முறை வேலைக்கு ஆகலன்னு சொன்னாத்தான் நம்ம மெஷினுக்கு இடம். பீச்சை ஏற்கெனவே நல்லா பெருக்குறாங்கன்னு எழுதினா எவன் ஃபண்டு குடுப்பான்?"

என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரலால் தட்டித் தட்டி அவரே ஒரு வரி சேர்த்தார். தற்போது நடைபெறும் கைமுறைத் துப்புரவினால் எவ்விதப் பயனும் இல்லை. "சார், அது உண்மை இல்ல" என்றேன். "ப்ரொபோசல்ல உண்மையை யாரும்மா கேட்டா?" என்றார். வீட்டுக்குப் போய் அந்த வரியை அழித்தேன். அடுத்த நாள் அவர் திரும்பச் சேர்த்தார். நான் திரும்ப அழித்தேன். அதற்குப் பிறகு ஃபைலை அவர் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டார்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் எதற்கும் ஜியோ டேக் போட்டோ வேண்டும். மரம் நட்டால் ஜியோ டேக், ரத்ததானம் செய்தால் ஜியோ டேக். அதற்கென்று ஒரு ஆப். படத்தின் அடியிலேயே இடம், தேதி, நேரம் எல்லாம் அச்சாகிவிடும். ப்ரொபோசலில் குப்பையாகக் கிடக்கும் கடற்கரை ஒரு படமும், நம் திட்டம் நிறைவேறினால் எப்படி இருக்கும் என்று சுத்தமான கடற்கரை ஒரு படமும் வேண்டும். முன்னது பிஃபோர், பின்னது ஆஃப்டர். இல்லாவிட்டால் கைடு கையெழுத்துப் போட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இருவரும் பைக்கில் மாமல்லபுரம் போனார்கள். நான் சர்ச்சில் கொயரில் பாடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தின் குப்பை என்பதால் ஞாயிறு விடியலில் அம்மாவுக்கு வேலை கூடுதல். முடித்துவிட்டு, குளித்து, பாதி ஆராதனையில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். அன்றும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். வேலை சீக்கிரம் முடிந்திருந்தது போல, முகம் தெளிவாக இருந்தது. இரண்டு பாட்டு எங்களோடு சேர்ந்து பாடினாள்.

மதியம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் படகுகள் நிற்கும் இடத்திலிருந்து வேலி வரைக்கும் குப்பை. அது அம்மா வாரும் பகுதி. காலையில் அம்மா வாருவதற்கு முன்னால் எடுத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வெயில் நன்றாக ஏறியிருந்தது, மணலில் நிழல் குட்டையாக விழுந்திருந்தது. கூடுவாஞ்சேரிக்காரனுக்குப் போன் போட்டேன்.

"இந்தக் குப்பை எங்கேருந்து வந்துச்சு?"

"அத்த ஏன் கேக்குற! போய்ப் பாத்தா பீச்சு துடைச்சு வெச்ச மாதிரி கீது. இன்னா பண்றது? பார்க்கிங்கு பக்கத்துல தொட்டி இருந்துச்சு. ரெண்டு கூடை எத்துகினு வந்து கொட்டினோம். போட்டோ எடுத்தோம். மேட்டர் ஓவர்."

"திரும்ப வாரினீங்களா?"

"வாரினோம், வாரினோம். முக்காவாசி வாரிட்டோம்."

அந்தப் படத்தை நீக்கு என்று கத்தினேன். ஏற்கெனவே கைடுக்கு அனுப்பியாகிவிட்டது என்றான். கைடு அதைப் பார்த்துக் குளிர்ந்துபோய், துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் தன் வரியையும் எங்கள் மூவர் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டிருந்தார். கைமுறைத் துப்புரவினால் எவ்விதப் பயனும் இல்லை. அடியில் இடம், தேதி, நேரம். ஊர் நிர்வாகத்தின் பக்கத்தையும் டேக் செய்து கோத்துவிட்டிருந்தார், பொறுப்புள்ள குடிமகன் அல்லவா.

திங்கட்கிழமை அம்மா வேலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். நான் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாரியைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அதைச் சுவரில் சாய்த்து வைக்கவில்லை, தரையில் போட்டாள்.

"மேஸ்திரி வரவேணாம்ன்டான்" என்றாள்.

மேஸ்திரி என்பவர் காண்ட்ராக்டரின் ஆள். பெண்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்து வேலை வாங்குகிறவர். அந்தப் பெண்களும் ஒவ்வொரு நாளும் வாரி முடித்ததும் சுத்தமான மணலைப் படம் எடுத்து அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் போட்டிருந்தாள். ஆனால் அவள் போன் பழசு, அதில் அந்த ஆப் இல்லை, படத்தில் நேரம் இருக்காது. காலேஜ் படத்தில் நேரம் இருந்தது. மேஸ்திரி சொன்னதை அம்மா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "காலேஜ் பசங்க பொய் சொல்லுமா? டைம் கீது, எடம் கீது. நீதான் பழைய போட்டோவ போட்டுட்டு வூட்டுக்குப் போய்கினே கீறே."

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாவின் அந்த வேலையில்தான் என் பஸ் பாஸும் பரீட்சைக் கட்டணமும் அரிசியும். ஆனால் அன்றைக்கு அம்மா அதைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "என்னிய பொய்க்காரின்டான்டி" என்பதையே மறுபடி மறுபடி சொன்னாள்.

கல்லூரிக்குப் போய் நேராகக் கைடு அறைக்குப் போனேன். அம்மா யார் என்று அன்றுதான் சொன்னேன். நான் பயந்தபடியே முகம் இளகியது. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், போட்டோ செட் பண்ணி எடுத்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"எப்படிம்மா குடுக்கிறது? ப்ரொபோசல் போயாச்சு. இப்ப அப்படி எழுதினா காலேஜ் பேரு என்னாகும்?"

"எங்க அம்மா வேலை போயிடுச்சு சார்."

ஏதோ பெரிய மனது வந்தவர் போல நிமிர்ந்தார். "கவலைப்படாத. மேனேஜ்மென்ட்ல பேசறேன். நம்ம ஹாஸ்டல்லயே ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் எடுக்கிறாங்க. அம்மாவை வரச் சொல்லு."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? இவர் மாணவர்கள் கொட்டிய குப்பையால் வேலை போன பெண்ணுக்கு, இவர் மாணவர்களின் குப்பையையே பெருக்கும் வேலை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று வேறு காத்திருந்தார். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். வெளியே நின்றிருந்த டவுன்ஷிப்காரி என் கையைப் பிடித்து, "முன்னாடியே சொல்லியிருந்தா வேற எடத்துல எடுத்திருப்போம்ல" என்றாள். வேறு இடத்தில் வேறு யாருடைய அம்மாவோ வாரியிருப்பாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கையை உதறினேன். அதற்குப் பிறகு அவளோடு பேசியதில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்ப, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோபத்துக்குத் தீனி போடத்தான் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியபோது அது கண்ணில் பட்டது. சுத்தமான படத்தின் அடியிலும் தேதி, நேரம் இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை. நேரம் மட்டும் குப்பைப் படத்துக்கு முந்தியது.

அவர்கள் முதலில் எடுத்தது ஆஃப்டர் போட்டோ. போனதும் கடற்கரை சுத்தமாக இருந்ததால் கையோடு அதைத் தட்டிவிட்டார்கள். பிறகுதான் குப்பையைக் கொட்டி பிஃபோர் எடுத்தார்கள். திட்டம் நிறைவேறினால் வரப்போகும் அழகான கடற்கரை என்று ப்ரொபோசலில் அவர்கள் காட்டியது என் அம்மா அன்று காலை வாரி முடித்த மணல். கிட்டப் பார்த்தால் வாரியின் பல் தடம் வரிவரியாகத் தெரிந்தது. நேரத்தை அச்சடிக்க ஒரு ஆப் வைத்திருந்தார்கள், அச்சடித்த நேரத்தைப் படிக்கத்தான் ஒருவரும் இல்லை. அவனும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை, சால்வை பீரோவும் பார்க்கவில்லை, அதுவரை நானும் பார்த்திருக்கவில்லை. பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் அம்மாவை இழுத்துக்கொண்டு ஊர் நிர்வாகத்தின் சுகாதார ஆய்வாளரைப் பார்க்கப் போனேன். அம்மா வருவதாக இல்லை. "அவன்கிட்ட போய் கெஞ்சினு நிக்கணுமா?" என்று வழி முழுக்க முறைத்தாள். ஆய்வாளரிடம் இரண்டு படங்களையும் காட்டி நேரத்தைச் சுட்டினேன். குப்பையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கூடுவாஞ்சேரிக்காரனே சொன்னதையும் சொன்னேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார், தள்ளிப் பிடித்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"ஆஃப்டர முன்னாடியே எடுத்துகினானுங்களா? நல்லா படிச்சானுங்க!"

அவர் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று துரத்தியிருக்கிறார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டு, அந்த அம்மா வேலைக்கு வரட்டும் என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் எழுந்தபோது அவர் மேஜை மேல் கல்லூரிப் பதிவின் அச்சுப் பிரதி கிடந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். நின்று, உதடு அசைய, முழுவதும் படித்தாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழியில் அம்மா கேட்டாள்.

"எவ்விதப் பயனும் இல்லன்னு போட்டுக்கீதே, அது நீ எழுதுனதா?"

"இல்லம்மா. அது அந்த சார் எழுதினது. நான் அழிச்சேன், அந்த ஆளு திரும்பப் போட்டுட்டாரு."

"உம் பேரு கீதே."

"குரூப்னு எல்லார் பேரும் போடுவாங்கம்மா."

"நீ எழுதலன்னா உம் பேரு எதுக்குக் கீது?"

வண்டியைப் பற்றிச் சொன்னேன், சல்லடையைப் பற்றிச் சொன்னேன், அவள் இடுப்புக்காகத்தான் எல்லாமே என்று சொன்னேன். "எனக்கு இடுப்பு வலின்னு நான் உன்ட்டதானே சொன்னேன்? காலேஜு வரிக்கும் எதுக்கு எத்துகினு போனே?" என்றாள். உண்மையில் அன்றைக்கு அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. உலகத்திலேயே அவளுக்காக அந்த வரியை அழித்தது நான் ஒருத்திதான், அதை அவளுக்கு நிரூபிக்க என்னிடம் எந்தப் படமும் இல்லை.

கைடிடம் போய் என் பெயரை எடுக்கச் சொன்னேன். ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் டிகிரி இல்லை என்று மிரட்டினார். கியர் எண்ணெய் பற்றி எதையோ செய்துகொண்டிருந்த ஒரு குழுவில் போய் ஒட்டிக்கொண்டு ஒப்பேற்றினேன். என் பழைய குழுவின் ப்ரொபோசலை, நேரம் தெரியாதபடி படங்களின் அடியை வெட்டித் திரும்ப அனுப்பினார்கள், அது தேர்வானது. நிதி வந்தது, சால்வை வந்தது. வண்டியும் செய்தார்கள். நான் எழுதிய அகலச் சக்கரத்தை விட்டுவிட்டு, கடையில் கிடைத்த தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பூட்டினார்கள். கடற்கரையில் இறக்கிய அன்றே அச்சு வரைக்கும் மணலில் புதைந்தது என்று கேள்விப்பட்டேன். நான் படித்து முடிக்கும் வரைக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் ஞாயிறு விடியலில் என் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி. வா."

"சர்ச்சுக்குப் போணும்மா."

"சர்ச்சு எங்கயும் போவாது. வா."

வாரி முடிக்கும் வரை என்னைக் கட்டுமரத்தின் மேல் உட்காரவைத்தாள். உதவ எழுந்தபோது வாரியின் கட்டையால் உட்கார் என்று காட்டினாள். படகுகளிலிருந்து வேலி வரை மணல் வரிவரியாக ஆனதும், என் போனில் அந்த ஆப்பைப் போடச் சொன்னாள். போட்டேன். போனை வாங்கிக்கொண்டாள்.

"போய் நடுவுல நில்லு."

"நான் எதுக்கும்மா?"

"பேரு போட்டீங்கல்ல? இப்ப ஆளு நிக்கட்டும்."

வாரிய மணலில் என் கால்தடம் மட்டும் பதிய நடந்து போய் நின்றேன். சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கச் சொல்லவில்லை. வேலை கிடைத்து நான் ஊரை விட்டுப் போகும் வரை ஞாயிறுதோறும் அப்படி நின்றேன். எல்லாப் படங்களும் மேஸ்திரியின் குரூப்பில் இருக்கும். எல்லாவற்றிலும் இடம், தேதி, நேரம், நடுவில் உம்மென்று நான். படம் எடுத்ததும் அம்மா என் கால்தடங்களை மட்டும் திரும்ப ஒரு தடவை வாரிவிடுவாள்.